அறுபதை எங்கிருந்து அளப்பது

டிசம்பர் 4, வியாழக்கிழமை, காலை 5 மணி 50 நிமிடம். முழங்கால் மடக்கல், எண் முப்பத்தொன்று. நாற்பது எடுக்க வேண்டும். ஒன்பதைப் பாக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கையில் கிரீஸ் பிசுபிசுக்கிறது, தாளில் படுகிறது, படட்டும்.

மச்சான், நீங்கள் மார்ச் மாதம் அக்காவிடம் கொடுத்தனுப்பிய சாக்கு மூட்டையை நேற்று சாயந்திரம்தான் பிரித்தேன். ஒன்பது மாதம் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பாசத்தால் பிரிக்கவில்லை, பயத்தால் பிரித்தேன். திங்கட்கிழமை பிசியோ மேடம் என் முழங்காலை அளந்தார். தொண்ணூற்றைந்து. "ஆறு வாரத்துல நூத்தியிருபது வரலைன்னா மறுபடி ஆபரேஷன் டேபிள்ல படுக்க வேண்டியதுதான். மயக்கம் குடுத்துட்டு மடக்குவாங்க. உள்ள இறுகினது எல்லாம் கிழியும், சத்தம் வெளில கேக்கும்" என்றார். அந்தப் பெண்மணிக்கு மெதுவாகச் சொல்லும் பழக்கம் இல்லை. வீட்டிலேயே காலை வைத்து மடக்கப் பலகை மாதிரி ஏதாவது செய்துகொள்ளச் சொன்னார். அப்போதுதான் மூட்டை ஞாபகம் வந்தது.

சணலை அறுத்ததும் உங்கள் பட்டறை வாசனை அறைக்குள் வந்து நின்றது. கிரீஸ், கருகிய இரும்பு, கொஞ்சம் வியர்வை.

உள்ளே நீங்கள் செய்த சாமான். தொடை வைக்க ஒரு தகடு, கெண்டைக்கால் வைக்க ஒரு தகடு, நடுவில் கீல். இரண்டிலும் பழைய துண்டைச் சுற்றி சைக்கிள் டியூபால் கட்டியிருந்தீர்கள். கீலுக்குப் பக்கத்தில் ஓர் அரைவட்டத் தகடு, அதில் ஐந்து டிகிரிக்கு ஒரு துளை. துளையில் ஆணியைச் செருகிவிட்டால் அதற்கு மேல் மடங்காது. யார் இழுத்தாலும் மடங்காது, யார் கத்தினாலும் மடங்காது. ஆணி அறுபதில் இருந்தது. முப்பத்தொரு தடவையும் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. தொண்ணூற்றைந்து மடங்கும் காலை அறுபதிலேயே முட்டி முட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

மூட்டைக்குள் ஒரு தாளும் இருந்தது. அதற்கு வருகிறேன். முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எனக்கு எரிச்சல் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் நவம்பர். மன்னார்புரத்தில் நான் டிராயிங் போடும் ஆபீஸ் வாசலில் நாம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். துவாக்குடியிலிருந்து வெல்டிங் ராடு வாங்க வந்திருந்தீர்கள். ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. டீ சட்டையில் கொட்டியது. அவ்வளவுதான் நடந்தது. நான் அந்தக் காரின் கதவை உதைத்தேன், இரண்டு தடவை. ஓட்டியவன் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான். நான் தலையால் அவன் மூக்கில் இடித்தேன், ரத்தம் வந்தது. அது போதாது என்று குத்துவதற்கு உடம்பை மொத்தமாகத் திருப்பினேன். இடது பாதம் சாக்கடை மூடியின் இடுக்கில் சிக்கியிருந்தது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் முட்டிக்குள் கேட்டது. குத்து அவன் மேல் படவேயில்லை.

நீங்கள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடினீர்கள். நான் அந்தத் தோளில் தொங்கிக்கொண்டே அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏறியதும் சொன்னீர்கள்: "அவனுக்குக் கதவு நெளிஞ்சுது, மூக்கு ஒடஞ்சுது. உனக்கு முட்டி ஒண்ணுதான். பாயிண்ட்ல நீதான் மாப்ள லீடிங்." வலியிலும் சிரிப்பு வந்தது. அதற்கும் உங்களைத் திட்டினேன்.

உள்ளே இருக்கும் குறுக்குத் தசைநார் முழுசாக அறுந்திருந்தது. பக்கத்தில் இருந்த குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. டிசம்பர் கடைசியில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து, எலும்பில் துளை போட்டு, இழுத்துத் திருகாணியால் இறுக்கினார்கள். கிழிந்த குருத்தெலும்பைத் தைத்தார்கள். வேலையாகப் பார்த்தால் உங்கள் வேலைதான்: துளை, ஆணி, இழுவை. தையல் ஆறும் வரை, முதல் சில வாரம், கால் அறுபது டிகிரிக்கு மேல் மடங்கக்கூடாது என்றார்கள். பிசியோ மேடம் தினம் வீட்டுக்கு வந்து மடக்கிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் நாற்பத்தைந்து தொட்டேன்.

பதினாலாம் நாள் வைகுண்ட ஏகாதசி. எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குள் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. காவிரிப் பாலத்திலேயே தடுத்துவிட்டார்கள் என்று மேடம் போன் செய்தார். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது, ஐஸ் வைத்துக்கொண்டு படுங்கள் என்றார். எனக்கு அந்த ஒரு நாளும் வேண்டும். அட்டவணை போட்டு சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், அதில் அன்றைய கட்டத்துக்கு நேராக அறுபது என்று எழுதியிருந்தது. நீங்களும் அக்காவும் முதல் நாளே சொர்க்கவாசல் பார்க்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தீர்கள். உங்களைக் கூப்பிட்டேன்.

ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தேன். தொடை ஒரு கோடு, கெண்டைக்கால் ஒரு கோடு, நடுவில் ஒரு வளைவு, அதில் 60 டிகிரி. மூலையில் கையெழுத்து, தேதி. கை பழக்கம், டீ கணக்கு எழுதினாலும் மூலையில் கையெழுத்துப் போடுகிறவன் நான். நீங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பையிலிருந்து உங்கள் இரும்புக் கோணமானியை எடுத்தீர்கள். அது இல்லாமல் நீங்கள் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

"அறுபதுன்னா எங்கேருந்து மாப்ள?" என்று கேட்டீர்கள்.

"அதான் டிராயிங்ல இருக்குல்ல? பாத்து மடக்குங்க. அப்புறம் ஒண்ணு, நான் கத்துவேன். கத்துனா நிறுத்தக்கூடாது. அறுபது வந்தாத்தான் நிறுத்தணும்."

"சரி, டிராயிங்ல இருக்கறதுதான்" என்றீர்கள். அது உங்கள் பட்டறைப் பேச்சு. கேட்கலாம், ஒரு தடவை. போட்டவன் சரி என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வாய் பேசக்கூடாது, கைதான் பேச வேண்டும்.

குப்புறப் படுத்தேன். தலையணையைக் கடித்தேன். நீங்கள் இடது தோளை என் கணுக்காலுக்குக் கொடுத்துத் தள்ளினீர்கள். நாற்பத்தைந்து வரை தெரிந்த வலி. அதற்கு மேல் வந்தது வேறு. முட்டிக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புகிற மாதிரி இருந்தது. கத்தினேன், நீங்கள் நிறுத்தவில்லை. தலையணையைத் துப்பிவிட்டு நிறுத்துங்க என்றேன், தோள் இன்னும் இறங்கியது. வெளியே தெரு முழுக்க "ரங்கா, ரங்கா" என்று ஜனம் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் என் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? "டேய், விடுடா" என்றேன். அக்கா புருஷனை டா போட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒன்று 'டப்' என்று விட்டது. உங்கள் தோளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், உடனே விட்டுவிட்டீர்கள்.

நான் உருண்டு, சுவரில் சாய்ந்திருந்த அலுமினிய ஊன்றுகோலை எடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்து வீசினேன். கை தவறி அல்ல. முகத்தைப் பார்த்துத்தான். அதன் திருகு உங்கள் இடது புருவத்தைப் பிளந்தது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீங்கள் துடைக்கவில்லை. கோணமானியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"அறுபது வரலியே மாப்ள. எழுபத்தஞ்சுலதான் நிக்குது."

நக்கல் என்று நினைத்தேன். ஜோடி ஊன்றுகோலையும் வீசினேன், அது பட்டது பீரோவில். "பட்டறைக்காரன்கிட்டப் போய் காலக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று கத்தினேன். நீங்கள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புருவத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தீர்கள். மூன்று தையல் என்று பிறகு அக்கா சொன்னாள்.

குருத்தெலும்பில் போட்ட தையல் பிய்ந்துவிட்டது. பிப்ரவரியில் இரண்டாவது ஆபரேஷன், பிய்ந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது இனி முளைக்காது. டாக்டர் கேட்டார், யார் மடக்கியது என்று. "அக்கா வீட்டுக்காரர். படிக்காதவர், ஒண்ணும் தெரியாது" என்றேன். ஐடிஐ முடித்து பதினைந்து வருஷம் கோணம் பார்த்த மனிதரை அப்படிச் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். அம்மா காதில் விழுந்தது காந்தி மார்க்கெட் மண்டியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு, அங்கிருந்து சொந்தம் முழுக்கப் போனது. அக்கா உங்களோடு ஒன்றரை மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்கு வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் கறி வைத்துக்கொண்டு வந்த சித்தப்பா, "எலும்பு இருக்கற துண்டெல்லாம் மாப்ளைகிட்டக் குடுங்கப்பா. நல்லா ஒடிப்பாரு" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தீர்கள். பிறகு எங்கள் பக்கத்து விசேஷம் எதற்கும் நீங்கள் வரவில்லை. மார்ச்சில் மூட்டை மட்டும் வந்தது. "அவரு குடுத்தாரு, பிரிச்சுப் பாரு" என்றாள் அக்கா. நல்ல காலால் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன்.

ஜூன் கடைசியில் உங்கள் பட்டறையில் சங்கிலி நழுவியது. இரண்டு டன் தகடு. நெஞ்சில். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை, உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. இடது புருவத்தில் நான் போட்டது மட்டும் வெள்ளைக் கோடாக இருந்தது.

பிறந்த வீட்டுக் கோடியை நான்தானே கொண்டுபோக வேண்டும், ஒரே தம்பி. புடவையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி உங்கள் வீட்டுக்கு வந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து அவள் தோளில் போர்த்த வேண்டும். என் கால் நூற்றுப்பத்துக்கு மேல் மடங்கவில்லை. தரையில் உட்கார அது போதாது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தாலி இழந்த அக்காவுக்கு முன்னால் ஜட்ஜ் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, மேலேயிருந்து கோடியைப் போட்டேன். பின்னால் சித்தப்பா யாரிடமோ சொன்னார்: "கால ஒடிச்சவருக்கே நொண்டிக்கிட்டு வந்து கோடி போடறான் பாரு. நல்ல புள்ள." அக்காவுக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு பயிற்சியை விட்டேன். வலிதான் காரணம் என்று மேடமிடம் சொன்னேன். கால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகியது.

இப்போது தாள்.

என் படம்தான். என் கையெழுத்து, என் தேதி, நடுவில் மடிப்பு, ஓரத்தில் காய்ந்து பழுப்பான உங்கள் ரத்தம். அறுபது என்ற வளைவை நான் போட்டிருந்தது முட்டியின் பின்பக்கத்தில், தொடைக்கோட்டுக்கும் கெண்டைக்கால் கோட்டுக்கும் உள்ளே.

முட்டி வைத்தியத்தில் நீட்டிய கால்தான் பூஜ்யம். அங்கிருந்து எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு டிகிரி. பட்டறையில் அப்படி இல்லை. இரண்டு தகடு சேரும் இடத்தில் உள்ளே இருப்பதுதான் கோணம், நேராக நின்றால் நூற்றெண்பது. நான் கேட்ட அறுபதைப் பட்டறைக் கணக்கில் நூற்றிருபது என்று போட்டிருக்க வேண்டும். அறுபது என்று போட்டேன். அந்த அறுபது, காலுக்கு நூற்றிருபது. தாண்டக்கூடாத எல்லைக்கு இரண்டு மடங்கு. நீங்கள் எழுபத்தைந்து என்று படித்தபோது என் கால் நூற்றைந்து மடங்கியிருந்தது. என் டிராயிங்கை இம்மி பிசகாமல் செய்துகொண்டிருந்தீர்கள். எங்கேருந்து என்று கேட்டும் இருந்தீர்கள். நான்கு வருஷம் படித்து, தினம் எட்டு மணி நேரம் கோணம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் போட்ட கோணம் அது.

அந்த வளைவின் மேல் நீங்கள் எதுவும் கிறுக்கவில்லை. தச்சர் பென்சிலால் தொடைக்கோட்டை முட்டிக்கு அப்பால் புள்ளி புள்ளியாக நீட்டி, அங்கிருந்து கெண்டைக்கால் வரை ஒரு புது வளைவு போட்டு, அறுபது என்று எழுதி, பக்கத்தில் கேட்டிருந்தீர்கள்:

"இப்படியா மாப்ள?"

பட்டறையிலிருந்து எங்கள் ஆபீஸுக்குத் திரும்பி வரும் டிராயிங்கில் இந்த மாதிரி பென்சில் கேள்வி நூறு பார்த்திருக்கிறேன். தப்பு என்று எழுத மாட்டார்கள். இப்படியா என்றுதான் எழுதுவார்கள். பக்கத்தில் நாங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் வேலை நடக்கும். உங்கள் கேள்வியை ஒன்பது மாதம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் மூன்று மாதம் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமா, வந்தாரே. புருவத்துல தையலோட இந்தத் தாளை எடுத்துட்டு வந்து, அறுபது எங்கேருந்துன்னு கேட்டாரு. காட்டினேன். வீட்டுல சொல்லிடுங்க, உங்க மேல தப்பில்லன்னு தெரியட்டும்னேன். 'டிராயிங் போட்டவன் அவன். அவனே பாத்துக்குவான் மேடம்'னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்?" என்றார்.

எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான் மச்சான். சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். புருவத்துக்குப் பதிலாக என் பல்லை உடைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். பந்தியில் இலையை மடிப்பதற்குப் பதில் அந்தத் தாளை சித்தப்பா மூஞ்சியில் வீசியிருக்கலாம். முறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், முறை இல்லாத ஒருத்தனுக்காக. முட்டிக்குள் இரண்டு திருகாணி இருக்கிறது, அது சாகும் வரை இருக்கும். "அறுபது வரலியே மாப்ள" என்பதும் அங்கேதான் இருக்கிறது, காலை மடக்கும்போதெல்லாம் கேட்கிறது.

செய்ய வேண்டியது:

1. ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு எட்டு மணி துவாக்குடி பஸ். தாளை அக்கா கையில் கொடுத்து, எந்த வளைவு நான் போட்டது, எது நீங்கள் போட்டது என்று விரல் வைத்துக் காட்டுவேன். அவள் அடித்தால் கையால் தடுக்க மாட்டேன்.

2. போகும் முன் அம்மாவிடமும் அப்பாவிடமும். நின்றுகொண்டே, இரண்டு நிமிடத்தில்.

3. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆறாம் மாதப் படையல். சொந்தம் எல்லாம் வரும். இலை போடும் முன்னால் சொல்வேன். சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சொல்வேன். அவர் ஜோக்குக்கு நான் சிரித்ததையும் சொல்வேன்.

4. டாக்டரிடம் போய், மடக்கியது யார் என்ற கேள்விக்குப் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஞாபகம் இருக்காது. பரவாயில்லை.

5. ஆணியை அறுபதிலிருந்து உருவி நூறில் வைக்க வேண்டும். பாக்கி ஒன்பது. நாளையிலிருந்து தினம் இரண்டு வேளை, உங்கள் சாமானில் மட்டும்.

6. வருஷத் திதிக்குள் தரையில் உட்கார வேண்டும், அக்காவுக்கு எதிரே, நாற்காலி இல்லாமல்.

7. "இப்படியா மாப்ள?" என்பதற்குப் பக்கத்தில் "ஆமாம் மச்சான், இப்படித்தான். தப்பு டிராயிங்கில்" என்று எழுதி, மூலையில் கையெழுத்து, தேதி. இது இப்போதே.